செப்டம்பரோடு சண்டை போட்டவர்

பல்வலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். சங்கரன்கோவிலுக்கு நான் மாற்றலாகி வந்த வாரம் அது. தேரடியிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் அவருடைய மருந்துக்கடை. மருத்துவர் எழுதிய சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாத்திரைகளைக் கத்தரித்து வைத்தார். ஆனால் உறையில் போடவில்லை.

“டி.டி.எஸ்.னு எழுதியிருக்காரு. அப்படின்னா என்ன?”

“தெரியலை.”

“லத்தீன். முத எழுத்து இருக்குல்லா, அது ‘டெர்’. டெர்னா மூணு தடவ. காலைல, மத்தியானம், ராத்திரி.” சொல்லும்போதே அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் தாமாக எழுந்து நின்றன. “வெறும் வயித்துல போட்றாதிய. ஒரு பிஸ்கட்டாவது தின்னுட்டுப் போடுங்க.”

நான் உறைக்காகக் கையை நீட்டினேன். ஒரு விரல் மடங்கி, இப்போது இரண்டு நின்றன.

“பிஸ்கட்டுன்னா என்ன? ‘பிஸ்’னா ரெண்டு தடவ. ரெண்டு தடவ வெந்ததுன்னு அர்த்தம். இப்ப எவன் ரெண்டு தடவ வேக வைக்கான்? ஒரு தடவ சூடு காட்டி பாக்கெட்ல அடைச்சிருதான்.”

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் பொறுமை இழந்தார். “வே, எனக்கு ஒரு தலவலி மாத்திரை. அர்த்தம் வேண்டாம், மாத்திரை மட்டும் போதும்.”

இரண்டு மாதம் கழித்து அவர் குடியிருந்த காம்பவுண்டிலேயே எனக்கும் வீடு கிடைத்தது. எதிர் எதிர் வாசல். அவரை நான் அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடத் தொடங்கினேன். அவர்களுடைய ஒரே மகள் என்னைச் சித்தப்பா என்றாள். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் ‘விரல் அண்ணாச்சி’. எந்த ஆங்கிலச் சொல்லுக்குள் ஓர் எண் ஒளிந்திருந்தாலும், வாய் திறப்பதற்கு முன்பே விரல் எழுந்துவிடும். அது அவருக்கே தெரியாது என்பது மதினியின் கருத்து. சில நாட்கள் கவனித்துப் பார்த்த பிறகு எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

அவர் மருந்தாளுநர் டிப்ளமோ படித்த காலத்தில் சீட்டில் வரும் லத்தீன் சுருக்கங்களுக்குத் தனியாக ஒரு பாடம் இருந்ததாம். மற்ற மாணவர்கள் தேர்வு முடிந்த அன்றே அதை மறந்தார்கள். இவருக்கு அது காய்ச்சல்போலப் பிடித்துக்கொண்டது, இறங்கவே இல்லை. டிப்ளமோ என்ற சொல்லையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு ‘இரண்டாக மடித்தது’ என்று பொருள். எனவே தம் சான்றிதழை அவர் சட்டம் போட்டு மாட்டவில்லை. இரண்டாக மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். மடிப்பில் அது கிழிய ஆரம்பித்திருந்தது. “கிழிஞ்சாலும் இதுதான் டிப்ளமோ. கண்ணாடிக்குள்ள நிமிந்து நிக்கது டிப்ளமோ இல்ல” என்பார். உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் இதை மேசைக்கு மேசை விளக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமைகளில் மறுநாள் சர்ச் ஆராதனைக்குப் பீடத்தில் வைக்கப் பூ வாங்குவது அவர் பொறுப்பு. ஒருமுறை நானும் கூடப் போனேன். பூச்சந்தையில் மின்னணுத் தராசு வந்திருந்த புதிது.

“எங்க ஒம்ம பழைய தராசு?” என்றார் அண்ணாச்சி.

“தூக்கிப் போட்டாச்சு. இது புது பேலன்ஸ்.”

இரண்டு விரல் எழுந்தது. “இது பேலன்ஸ் இல்ல.”

பூக்கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. “அண்ணாச்சி, தொழில்ல கைய வைக்காதிய. போன வாரம்தான் ஆபீசர் வந்து முத்திரை போட்டுட்டுப் போயிருக்காரு.”

“எடை சரிதான் வே. பேருதான் தப்பு. பேலன்ஸுன்னா ரெண்டு தட்டுன்னு அர்த்தம். இதுல ஒத்தத் தட்டுலா இருக்கு?”

பூக்கடைக்காரர் அவரையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலையில் இட்லி சாப்பிட்ட எவர்சில்வர் தட்டை எடுத்து, தராசுக்குப் பக்கத்தில் ‘டங்’ என்று வைத்தார். “இந்தா, ரெண்டாயிட்டு. பிச்சி வேணுமா, வேண்டாமா?”

அண்ணாச்சிக்குக் கோபம் வராது. அதுதான் அவரோடு பழகியவர்களுக்குப் பெரிய கஷ்டம். கோபம் வந்திருந்தால் சண்டை போட்டு விலகியிருக்கலாம். அவரோ சிரித்துக்கொண்டே, எதிராளி சொன்னதிலிருந்து அடுத்த சொல்லை எடுத்துக்கொள்வார். ஒரு மருந்து நிறுவனப் பிரதிநிதி, மூன்று மருந்துகள் சேர்ந்த ‘காம்பினேஷன்’ என்று ஒரு டானிக்கைக் கொண்டுவந்து வைத்தார். ‘பினி’ என்றால் இரண்டிரண்டு, காம்பினேஷனுக்குள் இரண்டுதான் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி அவரை மடக்கினார்.

“சந்தேகமா இருந்தா எங்க ஊருக் கோயிலுக்குள்ள போய்ப் பாரும். பாதி சிவன், பாதி பெருமாள். அதான் காம்பினேஷன். அங்கன மூணாவதா ஒண்ணக் கொண்டுபோய் எந்த இடத்துல வைப்பீரு?”

கடை வாசலில் நின்ற ஒருவர் விபூதி நெற்றியோடு சிரித்தார். “எங்க சாமியச் சொல்லுதிய. ஒங்க சர்ச்சுல மூணு உண்டும்லா?”

“அதுக்குப் பேரு டிரினிட்டி. மூணுன்னு பேர்லயே இருக்கு. பேருக்கும் எண்ணத்துக்கும் அங்க சண்டையே கிடையாது” என்றார் அண்ணாச்சி. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

கொரோனா வந்தபோது அவருக்கும் வந்தது. லேசாகத்தான். சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து கதவில் தாள் ஒட்டிவிட்டு, பதினான்கு நாள் குவாரண்டைன் என்றார். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து முகக்கவசத்தோடு அண்ணாச்சியின் குரல் வந்தது.

“குவாரண்டைன்னா நாப்பது. பதினாலுக்கு வேற பேரு வைங்க.”

“சார், மேல இருந்து சொன்னததான் நான் சொல்லுதேன்.”

“லெந்து நாளு நாப்பது. அத பதினாலாக் கொறைக்கச் சொன்னா கொறைப்பீரா?”

அந்தப் பணியாளர் இந்து. லெந்து என்றால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்று அவருக்குத் தெரியாது. தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அண்ணாச்சி நாற்பது நாளும் வெளியே வரவில்லை. கடையை அவருடைய மைத்துனர் பார்த்துக்கொண்டார். நாற்பத்தோராம் நாள் மதினிதான் முதலில் வாசலுக்கு வந்தார். “தம்பி, நோய் அவங்களுக்கு. தண்டனை எனக்கு” என்றார்.

ஆனால் இவை எல்லாம் சில்லறைத் தகராறுகள். அவருடைய நிரந்தரப் பகை செப்டம்பரோடுதான். ‘செப்டம்’ என்றால் ஏழு. அந்த மாதம் இருப்பதோ ஒன்பதாம் இடத்தில். அதைத் தொடர்ந்து எட்டு பத்தாம் இடத்திலும், ஒன்பது பதினோராம் இடத்திலும், பத்து பன்னிரண்டாம் இடத்திலும் உட்கார்ந்திருந்தன. ஆதியில் வருடம் மார்ச்சில் தொடங்கியது, பிற்பாடு ஜனவரியும் பிப்ரவரியும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டன, அதனால் வந்த வினை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஆறவில்லை. மாத்திரை அட்டையில் காலாவதி மாதம் ‘செப்’ என்று இருந்தால், பக்கத்தில் பேனாவால் ஒன்பது என்று எழுதித்தான் கொடுப்பார். செப்டம்பர் முதல் தேதி நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது, வீட்டுக்குள் யாரோ வேண்டாதவர் வந்துவிட்டதுபோல ஒரு பெருமூச்சு விடுவார். எதிர்வீட்டில் எனக்குக் கேட்கும்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும்வரை.

முதல் சம்பந்தம் பாளையங்கோட்டைப் பக்கம். மாப்பிள்ளை டிப்ளமோ இன்ஜினியர். சான்றிதழைப் பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினார்கள். அண்ணாச்சி அதை வாங்கி, மடிக்கப் பார்த்தார். அவர்கள் சாயந்தரமே ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். இரண்டாவது சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தாம் ஒரு ‘பைலிங்குவல்’ என்று பெருமையாகச் சொன்னார். தமிழ் ஒன்று, இங்கிலீஷ் ஒன்று என்று இரண்டு விரலை நிறுத்தி, அண்ணாச்சி அவரிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். தாய்மாமனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பது வெளிப்பட்டுவிட்டது. அந்தப் பக்கமிருந்து ஆள்கூட வரவில்லை.

மகளுக்கு வயது இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. சபையில் பெண்கள் மதினியைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ராயகிரிச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று கடையில் திடீர்ச் சோதனை. அண்ணாச்சியால் வீட்டுக்கு வர முடியவில்லை. அதனால் எல்லாம் நன்றாக நடந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். அது முடிந்தால் நிச்சயம்தான்.

கிளம்புவதற்கு முந்தின மாலை மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “சித்தப்பா, எனக்கு அவங்களப் பிடிச்சிருக்கு. அப்பாவக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க.” அவள் கண் கலங்கியிருந்ததால் சரி என்று தலையாட்டினேன்.

மதினி தன் பங்குக்கு ஏற்பாடு செய்திருந்தார். “சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு. அதனால வாக்கு மட்டும் குடுங்க. நாளைக்கு அங்க வச்சு ஒரு நம்பரப் பத்தியும் பேசக் கூடாது. வாய் நமநமன்னா இதப் போட்டுக்கிடுங்க.” கடையிலிருந்து எடுத்துவந்த தொண்டை மிட்டாய் ஒரு பொட்டலம். அண்ணாச்சி தலை குனிந்து வாக்குக் கொடுத்தார்.

ராயகிரியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினோம். கீழே கடை, மேலே வீடு. கடையின் பெயர்ப் பலகையில் ‘டிரை ஸ்டார் எலக்ட்ரிக்கல்ஸ்’ என்று பெரிதாக எழுதி, அதற்கு மேலே வரிசையாக நான்கு நட்சத்திரங்கள் வரைந்திருந்தது. நான்காவது சற்றுத் தள்ளி, வேறு மஞ்சளில். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். மூன்று விரல் எழுந்தது. பொட்டலத்தைப் பிரித்து முதல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா கனத்த மனிதர். கனிவாக வரவேற்று வீட்டைச் சுற்றிக் காட்டினார். “டூப்ளக்ஸ் மாடல் அண்ணாச்சி” என்றார். மூன்று தளம் இருந்தது. அண்ணாச்சி இன்னொரு மிட்டாய் போட்டார். கூடத்தில் உட்கார்ந்ததும், மாப்பிள்ளையின் அண்ணன் தான் பாடம் நடத்தும் கல்லூரியின் கதையைச் சொன்னார்; கொரோனா சமயத்தில் ஒரு செமஸ்டர் ஒரு வருடத்துக்கு நீண்டதாம். செமஸ்டருக்குள் ஆறு மாதம் இருக்கிறது. அண்ணாச்சியின் இடது கையும் எழுந்து உதவிக்கு வர, மடியில் ஆறு விரல்கள் நின்றன. மதினி அவற்றின் மேல் தன் கைப்பையை வைத்தார்.

“எங்க குடும்பம் ரொம்ப யூனிக் அண்ணாச்சி. ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்க மாட்டோம்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

யூனிக் என்றால் ஒன்றே ஒன்று. ஒன்றே ஒன்றில் ‘ரொம்ப’ எங்கிருந்து வரும்? எனக்கே வாய் நமநமத்தது. அண்ணாச்சி இரண்டு மிட்டாய்களைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார். கைப்பைக்குக் கீழிருந்து ஒரு விரல் மட்டும் வெளியே வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்தார். பேச்சை நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த காப்பித் தட்டு கையிலேயே நின்றது.

“அண்ணாச்சி, வந்ததுலேருந்து நானும் பாக்கேன். நீங்க ஒரு வார்த்தை பேசலை. எதுவோ மனசுல வச்சிருக்கிய. வீட்டம்மாவுக்கு விரலால ஜாடை காட்டுதிய. பிடிக்கலன்னா வெளிப்படையாச் சொல்லிருங்க. எங்க பையனுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல.”

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. மதினி என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன். மதினி ஒரு நீண்ட மூச்சு விட்டார். “பேசித் தொலைங்க” என்றார்.

அண்ணாச்சி மிட்டாய்களைக் கைக்குட்டையில் துப்பினார். எத்தனையோ இருந்தும் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். “டிரைன்னா மூணு. ஒங்க போர்டுல நட்சத்திரம் நாலு இருக்கே?”

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப தெரிஞ்சுதான் வந்திருக்கிய” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

“என்ன தெரிஞ்சு? நான் போர்டத்தான கேட்டேன்?”

“தரகர்ட்ட மொதல்லயே சொல்லச் சொன்னேன். சொல்லலையா?”

“ஒண்ணும் சொல்லலையே” என்றார் மதினி.

அப்பா எழுந்துபோய் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். “கடை தொறக்கும்போது எனக்கு மூணு பிள்ளை. மூணு நட்சத்திரம்னு பேரு வச்சேன். ரெண்டு வருசத்துல என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஒரு விபத்துல போயிட்டாங்க. இவன் அப்ப கைப்பிள்ளை. தூக்கிட்டு வந்தோம். மறுநாளே பெயிண்டரக் கூப்பிட்டு நாலாவது நட்சத்திரத்தப் போடச் சொன்னேன். பேர மாத்தலையான்னு அவன் கேட்டான். பேர மாத்துனா, இவன் வந்ததாலதான் மாத்துச்சுன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான். அதான் அப்படியே விட்டேன். நாலு பேருக்கும் இந்த வீட்ல எல்லாம் ஒண்ணுபோலத்தான். தரகர் சொல்லிருந்தாலும் என் வாயால இத எப்படி எடுத்துச் சொல்லன்னு காலைலேருந்து திணறிக்கிட்டு இருந்தேன். நீங்க பேசாம இருந்ததப் பாத்ததும், இதத்தான் கொறையா நெனைக்கிய போலன்னு நெனச்சேன்.”

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நின்றன. அவர் முகத்தில் ஏதோ ஒரு பழைய கணக்கு ஓடுவது தெரிந்தது.

“செப்டம்பர்” என்றார்.

மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

“செப்டம்பருன்னா ஏழாம் மாசம். பெறவு ரெண்டு மாசம் வந்து முன்னால உக்காந்துச்சு. லத்தீன்காரங்க பேர மாத்தலை. நான் இத்தன வருசமா அதத் தப்பு தப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.” நிறுத்தினார். “வந்தவங்களுக்கு எடம் குடுத்துருக்காங்க. பேர மாத்துனா வந்தவங்களுக்குச் சங்கடம்னு விட்டிருக்காங்க. வருசம் என்ன கொறைஞ்சா போச்சு? ஒங்க போர்டு சரியாத்தான் இருக்கு சம்பந்தி.”

சம்பந்தி என்ற சொல்லை அன்று அந்தக் கூடத்தில் முதலில் சொன்னவர் அவர்தான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அது உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்ததும் உள்ளே பார்த்து, “ஏட்டி, காப்பி ஆறுது, வந்து குடு” என்று சத்தம் போட்டார். சத்தம் பாதியில் உடைந்தது. மகளுக்கு நான் வாசலுக்குப் போய் போன் செய்தேன். “அப்பா பேசிட்டாங்களா?” என்றாள் பயத்தோடு. “பேசிட்டாங்க. அதனாலதான் முடிஞ்சுது” என்றேன். அவள் நம்புவதற்கு மதினியிடமும் போனைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அண்ணாச்சியே செப்டம்பர் என்றார்.

பிறகு அவர் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு, மதினியோடு ராயகிரிக்கே குடிபோய்விட்டார். எனக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசியாக அவரைப் பார்த்தது சிவகிரிக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பும் வழியில். டிரை ஸ்டார் கடையின் கல்லாவில், சம்பந்தி சாப்பிடப் போன நேரத்தில், அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பலகையில் ஐந்து நட்சத்திரங்கள். ஐந்தாவது, மருமகளாக வந்த அண்ணாச்சி மகளுக்கு. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

நான் உள்ளே போவதற்குள், பல்பு வாங்க வந்த ஓர் இளைஞன் மேலே பார்த்துச் சிரித்தான். “என்ன அண்ணாச்சி, டிரைன்னா மூணுலா? அஞ்சு போட்டிருக்கிய?”

அண்ணாச்சியின் கையில் மூன்று விரல்கள் எழுந்தன. அவற்றை ஒரு கணம் பார்த்தார். மற்ற இரண்டும் மெல்ல எழுந்து பக்கத்தில் நின்றுகொண்டன.

“போலே, ஒனக்கு என்ன தெரியும்? லத்தீன் படிச்சவன் சொல்லுதேன் கேட்டுக்க. டிரைன்னா மூணுலேருந்து ஆரம்பம்னு அர்த்தம்.”